டெக்சஸில் நிலம் வாங்கியாச்சா? கவுண்டி அலுவலகத்தில் என்ன உதவி கிடைக்கும், எப்படிக் கேட்டு வாங்குவது

டாலஸைச் சுற்றியிருக்கும் நம்மவர்கள் பலர் இப்போது வடக்கேயும் கிழக்கேயும் போய்ப் பத்து ஏக்கர், இருபது ஏக்கர் என்று நிலம் வாங்குகிறார்கள். ஃபேனின், கிரேசன், ஹன்ட், காஃப்மன் என்று கவுண்டிப் பெயர்கள் வாட்ஸ்அப் குழுக்களில் அடிபடுகின்றன. பத்திரம் முடிந்த கையோடு வரும் கேள்வி: "விவசாயத்துக்கு கவர்மென்ட் பணம் தருதாமே, எங்கே அப்ளை பண்றது?"

இணையத்தில் தேடினால் மூன்றெழுத்து, நான்கெழுத்துச் சுருக்கங்களாக வந்து கொட்டும். அந்தப் பெயர்களைப் பிடித்துக்கொண்டு போனால் தலைதான் சுற்றும். நான் எல்லோரிடமும் சொல்வது இதுதான்: திட்டத்தை விட்டுவிட்டு நிலத்திலிருந்து தொடங்குங்கள். உங்கள் நிலத்தில் என்ன குறை என்று எழுதிக்கொண்டு, கவுண்டியின் தலைமை ஊரில் இருக்கும் விவசாய அலுவலகத்துக்கு நேரில் போங்கள். எந்தத் திட்டம் பொருந்தும் என்று கண்டுபிடிப்பது அங்கே இருப்பவர்களின் வேலை. இன்னொன்று, வேலிக்கோ குளத்துக்கோ ஒரு டாலர் செலவழிப்பதற்கு முன்பே போக வேண்டும். ஏன் என்று பின்னால் விளக்குகிறேன்.

எடுத்துக்காட்டாக ஃபேனின் கவுண்டியை வைத்துக்கொள்வோம். தலைமை ஊர் பான்ஹம். டாலஸிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். டெக்சஸில் மொத்தம் 254 கவுண்டிகள், எல்லாவற்றிலும் நடைமுறை கிட்டத்தட்ட இதேதான். நீங்கள் ஜார்ஜியாவிலோ வட கரோலைனாவிலோ இருந்தாலும் மத்திய அரசுத் திட்டங்களைப் பற்றிய பகுதி அப்படியே பொருந்தும். சொத்து வரி பற்றிய பகுதி மட்டும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு.

எந்த அலுவலகம் எதற்கு

அமெரிக்க விவசாயத் துறையை, அதாவது யுஎஸ்டிஏவை, கவுண்டி அளவில் இரண்டு முகமைகளாகப் பார்ப்பீர்கள். ஒன்று பார்ம் சர்வீஸ் ஏஜென்சி, சுருக்கமாக எஃப்எஸ்ஏ. கடன், பேரிடர் நிவாரணம், பண்ணைப் பதிவேடு எல்லாம் இவர்களிடம். இன்னொன்று இயற்கைவளப் பாதுகாப்புச் சேவை, என்ஆர்சிஎஸ். மண், நீர், மேய்ச்சல், காட்டுயிர் என்று நிலத்தில் செய்யும் வேலைகளுக்கு ஆலோசனையும் பணமும் தருபவர்கள் இவர்கள். பெரும்பாலும் இரண்டும் ஒரே கட்டடத்தில் இருக்கும். அதற்கு சர்வீஸ் சென்டர் என்று பெயர். பார்மர்ஸ் டாட் கவ் தளத்தில் கவுண்டிப் பெயரைக் கொடுத்தால் முகவரி, தொலைபேசி எண் வந்துவிடும்.

மூன்றாவதாக ஒன்று உண்டு, நம் ஆட்கள் கவனிக்காமல் விடுவது: மண்-நீர்ப் பாதுகாப்பு மாவட்டம். இது மத்திய அரசு அமைப்பு அல்ல, உள்ளூர் நில உரிமையாளர்களே தேர்ந்தெடுக்கும் குழு. 1930களின் புழுதிப் புயல்களில் வயல்வெளிகளின் மேல்மண் பறந்துபோனதும், ஹியூ ஹேமண்ட் பென்னட் என்ற மண்ணியலாளர் வற்புறுத்தி 1935 இல் மண் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வாஷிங்டனிலிருந்து உத்தரவு போட்டால் விவசாயி கேட்க மாட்டான், அக்கம்பக்கத்து விவசாயிகளே முடிவு செய்தால் கேட்பான் என்ற எண்ணத்தில்தான் இந்த மாவட்டங்கள் உருவாயின. டெக்சஸில் 216 இருக்கின்றன. நீர்த் தரத்துக்கான மாநில அரசின் செலவுப் பங்கீட்டுத் திட்டம் இவர்கள் வழியாகத்தான் நடக்கிறது. சில மாவட்டங்களில் புல் விதைக்கும் இயந்திரத்தை வாடகைக்குக் கூடத் தருவார்கள்.

கவுண்டி எக்ஸ்டென்ஷன் அலுவலகம் தனி. இது டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழக அமைப்பைச் சேர்ந்தது. பணம் தராது, அறிவு தரும். விவசாயிக்கு வயலிலேயே செய்து காட்டிச் சொல்லித்தருவது என்ற முறைக்கு வழிகாட்டியது, டாலஸுக்குக் கிழக்கே காஃப்மன் கவுண்டியின் டெரலில் 1903 இல் சீமன் நாப் நடத்திய செயல்விளக்கப் பண்ணை. மண் பரிசோதனைப் பையும் படிவமும் இங்கே கிடைக்கும். மாதிரியை காலேஜ் ஸ்டேஷனில் உள்ள ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும்.

சொத்து வரிச் சலுகைக்கு இவர்கள் யாரும் பொறுப்பல்ல. அதற்கு கவுண்டியின் மதிப்பீட்டு மாவட்டம் என்று இன்னொரு அலுவலகம்.

முதல் படி: வாங்கும் முன்பே கேட்க வேண்டியவை

இன்னும் பத்திரம் முடியவில்லை என்றால் உங்களுக்கு நல்ல நேரம். விற்பவரிடம் எஃப்எஸ்ஏ பண்ணைப் பதிவேட்டின் நகலையும், அதோடு வரும் வான்பட வரைபடத்தையும் கேளுங்கள். படிவத்தின் எண் 156 இஇசட். நீங்கள் நேரில் போய்க் கேட்டால் அலுவலகம் தராது, மற்றவர் பண்ணை விவரத்தை வெளியிடச் சட்டம் அனுமதிப்பதில்லை. உரிமையாளர் கேட்டால் உடனே கிடைக்கும்.

அதில் மூன்று விஷயங்களைப் பாருங்கள். நிலம் சிஆர்பி ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்பது முதலில். அரிக்கக்கூடிய விளைநிலத்தைச் சாகுபடியிலிருந்து விலக்கிப் புல்லோ மரமோ வளர்க்க 10 முதல் 15 ஆண்டுகளுக்கு அரசு வாடகை தரும் திட்டம் அது. அப்படி இருக்கும் நிலத்தை வாங்கினால், பொதுவாக 60 நாட்களுக்குள் ஒப்பந்தத்தை உங்கள் பெயருக்கு ஏற்றுக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் ஒப்பந்தம் முறிந்து, வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்டும் பொறுப்பு விற்றவர் தலையில் விழும். இதை விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வது இருவருக்கும் நல்லது.

அடுத்து, எளிதில் அரிக்கும் மண், ஈரநிலம் என்று ஏதாவது குறிக்கப்பட்டிருக்கிறதா என்பது. ஈரநிலத்தை வடித்துப் பயிர் செய்தால் யுஎஸ்டிஏ உதவிகள் பலவற்றுக்கும் தகுதி போய்விடும். "ஓரத்தில் ஒரு சதுப்பு இருக்கு, மண் கொட்டி மேடாக்கிடலாம்" என்று யாராவது சொன்னால் நிறுத்தி, முதலில் என்ஆர்சிஎஸ்ஸிடம் கேளுங்கள்.

மூன்றாவது பேஸ் ஏக்கர். பழைய காலத்துப் பருத்தி, கோதுமை, சோளச் சாகுபடிக் கணக்கில் நிலத்தோடு ஒட்டிவரும் உதவித்தொகை உரிமை இது. சிறிய நிலத்தில் இதனால் பெரிய தொகை வராது, ஆனாலும் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள்.

இரண்டாம் படி: விசாவும் நிலமும்

இதை விளக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நம்மில் பலர் இன்னும் ஹெச்1பி விசாவில் இருக்கிறோம்.

குடியுரிமையோ கிரீன் கார்டோ இருந்தால் கவலையில்லை. இரண்டும் இல்லாதவரை, இந்தத் திட்டங்களைப் பொறுத்தவரை வெளிநாட்டவர் என்றே கணக்கிடுவார்கள். நிலம், முதலீடு இரண்டோடு உங்கள் சொந்த உடலுழைப்பையும் கணிசமாக அந்தப் பண்ணையில் போட்டால்தான் எஃப்எஸ்ஏ, என்ஆர்சிஎஸ் பணம் பெறத் தகுதி வரும். வார நாளெல்லாம் அலுவலக வேலை பார்ப்பவருக்கு இது எளிதல்ல. போதாததற்கு, சொந்தப் பண்ணையில் செய்யும் வேலை விசா நிபந்தனைக்கு ஒத்துவருமா என்பதும் தனிக் கேள்வி. குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்காமல் இதில் இறங்காதீர்கள்.

மானியமே வேண்டாம் என்று இருப்பவருக்கும் ஒரு கடமை உண்டு. கிரீன் கார்டு இல்லாத ஒருவர் விவசாய நிலம் வாங்கினால், 90 நாட்களுக்குள் எஃப்எஸ்ஏவில் 153 என்ற படிவத்தைக் கொடுத்துத் தெரிவிக்க வேண்டும். 1978 இலிருந்து இருக்கும் சட்டம் இது. பத்து ஏக்கரும் அதற்குக் கீழும், ஆண்டு விளைபொருள் வருமானம் 1,000 டாலரைத் தாண்டாமலும் இருந்தால் விலக்கு. தெரிவிக்காமல் விட்டால் நிலத்தின் சந்தை மதிப்பில் 25 சதவீதம் வரை அபராதம் போட அதிகாரம் இருக்கிறது. நிலம் விற்றுக்கொடுக்கும் ஏஜென்ட் இதைச் சொல்வார் என்று நம்பி இருக்காதீர்கள். வாங்கி 90 நாள் தாண்டியிருந்தாலும் தள்ளிப்போடாமல் போய்க் கொடுத்துவிடுங்கள், தாமதத்துக்கான அபராதம் வாரக் கணக்கில் ஏறும்.

வருமான வரம்பும் உண்டு. வரிக் கணக்கில் காட்டும் சராசரி வருமானம் ஆண்டுக்கு 9,00,000 டாலரைத் தாண்டினால் பெரும்பாலான திட்டங்கள் கிடையாது. நம் குடும்பங்களில் மிகச் சிலருக்கே இது பொருந்தும்.

மூன்றாம் படி: நிலத்தைப் படியுங்கள்

அலுவலகத்துக்குப் போகும் முன் இரண்டு வேலை. கணினியில் வெப் சாயில் சர்வே என்ற என்ஆர்சிஎஸ் தளத்தைத் திறந்து, உங்கள் நிலத்தின் எல்லையை வரையுங்கள். எந்தெந்த மண் எத்தனை ஏக்கரில் இருக்கிறது, குளம் வெட்டினால் தண்ணீர் நிற்குமா, புல் எவ்வளவு விளையும் என்று இலவசமாக ஓர் அறிக்கை வரும்.

ஃபேனினில் பல இடங்களில் உங்களுக்குப் பரிச்சயமான மண்தான் வரும்: கருப்புக் களிமண். நம் கரிசலைப் போலவே கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும், மழைக்கு உப்பிக்கொண்டு ஷூவை விடாது. கோவில்பட்டிப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இந்த மண்ணைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஒரு காலத்தில் ஆளுயரப் புல் நின்ற பிரெய்ரிச் சமவெளி இது. பருத்திக்காக உழுததில் இன்று அந்தப் புல்வெளி ஒரு சதவீதத்துக்கும் குறைவாகவே மிஞ்சியிருக்கிறது. அதனால்தான் உள்நாட்டுப் புல்லை மீண்டும் விதைப்பதற்குப் பாதுகாப்புத் திட்டங்களில் இடம் இருக்கிறது.

அடுத்தது, நடப்பது. மழை விட்ட மறுநாள் நடந்தால் இன்னும் நல்லது. தண்ணீர் எங்கே ஓடுகிறது, எங்கே மண்ணை அறுத்துக்கொண்டு போகிறது, பழைய குளத்தின் கரை எங்கே கசிகிறது என்று போனில் படம் பிடியுங்கள். மெஸ்கீட் மரங்கள் புல்லை மூடிக்கொண்டு வருகின்றனவா பாருங்கள். நம் ஊர்ச் சீமைக்கருவேலின் நெருங்கிய உறவு அது, குணமும் அதே. வைக்கோலுக்காக இங்கே வளர்க்கும் பெர்முடா புல்லும் நமக்குத் தெரிந்த அருகம்புல்லின் வகைதான். காட்டுப்பன்றி கிளறிய இடங்களையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் ஒரு தாளில் நாலைந்து வரி எழுதுங்கள். "தென்கிழக்கு மூலையில் ஓடை மண்ணை அறுக்கிறது. மாடுகள் ஓடைக்குள்ளேயே இறங்கித் தண்ணீர் குடிக்கின்றன. மேற்குப் பாதியில் மெஸ்கீட். காய்கறி போட ஆசை, தண்ணீர் இல்லை." இந்தத் தாள்தான் உங்கள் விண்ணப்பத்தின் உயிர். என்ஆர்சிஎஸ்காரர்கள் இதை வளக் குறைபாடு என்பார்கள். அவர்கள் பணம் கொடுப்பது உங்கள் ஆசைக்கு அல்ல, இந்தக் குறைபாட்டைத் தீர்ப்பதற்கு.

நான்காம் படி: பண்ணை எண் வாங்குவது

போன் செய்து நேரம் வாங்கிக்கொண்டு போங்கள். 2025 இல் யுஎஸ்டிஏவில் ஆட்கள் நிறையக் குறைந்துவிட்டார்கள். சில அலுவலகங்களில் ஒரே ஆள் இரண்டு மூன்று கவுண்டிகளைப் பார்க்கிறார். சொல்லாமல் போய் நின்றால் கதவு பூட்டியிருக்கலாம்.

முதலில் எஃப்எஸ்ஏ. எடுத்துப்போக வேண்டியவை: அடையாள அட்டை, சமூகப் பாதுகாப்பு எண், பதிவான பத்திரத்தின் நகல், வங்கிக் கணக்கு விவரம். குத்தகை நிலம் என்றால் குத்தகை ஒப்பந்தம். எல்எல்சி (வரையறுக்கப்பட்ட பொறுப்பு நிறுவனம்) பெயரில் வாங்கியிருந்தால் அதன் பதிவுத் தாள்கள், வரி அடையாள எண், யார் கையெழுத்திடலாம் என்ற ஆவணம் எல்லாம் வேண்டும். எல்எல்சி என்றால் வேலை இரட்டிப்பாகும் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். வெறும் இருபது ஏக்கருக்கு அது தேவையா என்று வாங்கும் முன் யோசியுங்கள்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் கணினியில் உங்கள் நிலத்தின் வான்படத்தைத் திறப்பார். ஒவ்வொரு வயலையும் சுற்றிக் கோடு, நடுவில் வயல் எண், ஏக்கர் தசமத்தில். "இந்த மரக்கூட்டம் வரைக்கும் உங்களுடையதா? இந்தப் பக்கம் வேலி எங்கே?" என்று கேட்டு, கோட்டை இழுத்துத் திருத்துவார். பழைய பெரிய பண்ணையைப் பிரித்து விற்ற நிலம் என்றால் பதிவேட்டையும் பிரிக்க வேண்டும், அதற்குச் சில வாரம் பிடிக்கலாம். முடிந்ததும் உங்களுக்குப் பண்ணை எண், டிராக்ட் (நிலத்துண்டு) எண், வயல் எண்கள் கிடைக்கும். இனி எந்தத் திட்டத்துக்குப் போனாலும் முதலில் கேட்கப்போவது இந்தப் பண்ணை எண்ணைத்தான்.

அங்கேயே சில படிவங்கள் வரும். ஏடி 2047 உங்கள் விவரம். ஏடி 1026 ஈரநிலம், அரிக்கும் மண் பற்றிய உறுதிமொழி. சிசிசி 902 பண்ணையை யார் எப்படி நடத்துகிறீர்கள் என்ற விவரம். சிசிசி 941 வருமான வரம்புக்கு. எல்லாவற்றையும் அன்றே முடித்துவிடப் பாருங்கள். இதில் ஒன்று குறைந்தாலும் பின்னால் என்ஆர்சிஎஸ் விண்ணப்பம் அப்படியே நின்றுவிடும்.

கிளம்பும் முன், புதிய விவசாயி என்ற தகுதியைக் கேட்டு சிசிசி 860 படிவத்தைக் கொடுங்கள். விவசாயம் செய்யத் தொடங்கிப் பத்தாண்டுக்கு மேல் ஆகாதவர்கள் எல்லோரும் இதில் வருவார்கள். ஆசிய வம்சாவளியினருக்குத் தனி முன்னுரிமை என்று பழைய கட்டுரைகளில் படித்திருப்பீர்கள். 2025 ஜூலையில் யுஎஸ்டிஏ இனம், பாலினம் அடிப்படையிலான முன்னுரிமைகளை நிறுத்திவிட்டது. புதிய விவசாயி, முன்னாள் படைவீரர், குறைந்த வருமானம் ஆகிய தகுதிகளைக் கேளுங்கள்.

ஐந்தாம் படி: என்ஆர்சிஎஸ் ஆளை நிலத்துக்கு வரவழைப்பது

என்னைக் கேட்டால் இத்தனை திட்டங்களிலும் பெரிய லாபம் இந்த வருகைதான், பணம் அதற்கு அப்புறம். ஆலோசனைக்கு நீங்கள் ஒரு காசு கட்ட வேண்டாம், எந்தத் திட்டத்திலும் சேராவிட்டாலும் அது இலவசம்தான். அவர்கள் கட்டுப்பாட்டு அதிகாரிகளும் அல்ல, அழைத்தால் வருபவர்கள்.

வருபவர் மண்வெட்டியோடு வருவார். புல்வெளியில் ஓர் அடி தோண்டி, மண்கட்டியைக் கையில் உடைத்துப் பார்ப்பார். வேர் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது, எங்கே இறுகித் தட்டையாக மடங்கியிருக்கிறது, மண்புழு உண்டா என்று காட்டுவார். பக்கத்துக் காட்டில் வேலியோரம் உழாமல் கிடந்த மண்ணையும் தோண்டி, இரண்டையும் பக்கத்தில் வைப்பார். ஒன்று உதிரும், மற்றது செங்கல்லாக நிற்கும். அதைப் பார்த்தபின் நீங்களே கேள்வி கேட்க ஆரம்பித்துவிடுவீர்கள்.

உங்கள் தாளை அவரிடம் கொடுங்கள். அதை வைத்துப் பாதுகாப்புத் திட்ட வரைவு ஒன்று எழுதுவார். ஓடை அறுக்கிறதா, மாட்டை வேலி போட்டு விலக்கி வேறு இடத்தில் தண்ணீர்த் தொட்டி. மெஸ்கீட்டா, புதர் அகற்றல், அதன்பின் சில காலம் மேய்ச்சல் இல்லாமல் விடுவது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு எண் உண்டு: வேலி 382, தண்ணீர்த் தொட்டி 614, புதர் அகற்றல் 314, மூடுபயிர் 340, குளம் 378, பசுமைக்குடில் போன்ற உயர் குடில் 325. நம்மவர்கள் அதிகம் கேட்பது கடைசி இரண்டும்தான். குளம் கால்நடைக்குத் தண்ணீர் தர, மண்ணரிப்பைத் தடுக்க என்றால் வாய்ப்பு உண்டு. மீன் பிடிக்க, அழகுக்கு என்றால் கிடையாது. உயர் குடிலில் பயிர் தரை மண்ணில்தான் வளர வேண்டும், டிராக்டர் நிறுத்தும் கொட்டகையாக்கக் கூடாது.

ஆறாம் படி: ஈக்விப் விண்ணப்பம்

வரைவு கையில் வந்ததும் பணத்துக்கான முக்கியத் திட்டம் ஈக்விப், நிலத்தில் செய்யும் பாதுகாப்பு வேலையின் செலவில் ஒரு பங்கை என்ஆர்சிஎஸ் தரும் திட்டம். 1996 பண்ணைச் சட்டத்தில் வந்தது. விண்ணப்பம் ஆண்டு முழுவதும் வாங்குவார்கள், ஆனால் மாநிலம் அறிவிக்கும் கடைசித் தேதிக்கு முன் வந்தவற்றைத்தான் அந்தச் சுற்றில் தரவரிசைப்படுத்துவார்கள். தேதி பெரும்பாலும் இலையுதிர் காலத்தில் வரும், ஏனென்றால் அரசின் நிதியாண்டு அக்டோபர் 1 இல் பிறக்கிறது. கோடையிலேயே விண்ணப்பத்தைப் போட்டு வைத்திருங்கள்.

எல்லோருக்கும் கிடைக்காது, போட்டி உண்டு. எவ்வளவு குறைபாடு தீர்கிறது, எவ்வளவு செலவில் தீர்கிறது என்று மதிப்பெண் போடுவார்கள். புதிய விவசாயிகளுக்கென்று தனியே நிதி ஒதுக்குவதால் அந்தப் பிரிவில் போட்டி சற்றுக் குறைவு. அவர்களுக்கு விகிதமும் கூட: பொதுவாக மதிப்பீட்டுச் செலவில் 75 சதவீதம் வரை என்றால் இவர்களுக்கு 90 சதவீதம் வரை போகலாம். இந்த மதிப்பீடு உங்கள் ரசீதை வைத்து அல்ல. வேலிக்கு அடிக்கு இவ்வளவு, விதைப்புக்கு ஏக்கருக்கு இவ்வளவு என்று மாநிலத்துக்கான விலைப்பட்டியல் இருக்கிறது. உள்ளூர் வேலையாள் அதற்கு மேல் கேட்டால் மிச்சம் உங்கள் கையிலிருந்துதான். அதனால் கையெழுத்திடும் முன் உள்ளூரில் விலை விசாரித்துவிடுங்கள்.

இப்போது முன்பு சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். ஒப்பந்தத்தில் இரு தரப்பும் கையெழுத்திடும் முன் வேலையைத் தொடங்கினால் அந்த வேலைக்குப் பணம் கிடையாது. கம்பம் நட்டுவிட்டேன், கம்பி மட்டும் பாக்கி என்று சொன்னாலும் ஏற்க மாட்டார்கள். நிலம் வாங்கிய உற்சாகத்தில் முதல் மாதமே ஆளை வைத்து முழு வேலியும் போட்டுவிட்டு, பிறகு திட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு வருந்திய குடும்பங்கள் உண்டு. மழைக்கு முன் முடித்தே ஆக வேண்டிய அவசரம் என்றால், எழுத்தில் விலக்கு கேட்டு, அது கையில் வந்தபின் தொடங்குங்கள்.

ஒப்பந்தம் ஆனதும் முதல் வேலையை 12 மாதத்துக்குள் தொடங்க வேண்டும். அவர்கள் தரும் அளவுப்படி, அதே தடிமன் கம்பி, அதே இடைவெளிக் கம்பம் என்று செய்தபின் ஆள் வந்து அளந்து சான்று தருவார். அதற்கப்புறம்தான் பணம் வரும். முன்பணமாகப் போட ஆயிரக்கணக்கில் கையில் இல்லை என்றால், புதிய விவசாயிகள் அந்த வேலைக்கான தொகையில் குறைந்தது பாதியை முன்கூட்டியே கேட்கலாம். வாங்கினால் 90 நாட்களுக்குள் செலவழித்துவிட வேண்டும். வரும் பணத்துக்கு வருமான வரிப் படிவமும் பின்னாலேயே வரும், கணக்கரிடம் காட்டுங்கள்.

மற்றவற்றில் எது உங்களுக்கு

சிஎஸ்பி, ஏற்கெனவே நன்றாகப் பராமரிப்பவர்களுக்கு ஐந்தாண்டு ஒப்பந்தம், ஆண்டுதோறும் தொகை. புது நிலத்துக்கு இது பிறகு பார்க்க வேண்டியது. சிஆர்பிக்குப் புதிய சேர்க்கை அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் நீட்டிப்பதைப் பொறுத்துத் திறக்கும், மூடும், கேட்டுப் பாருங்கள்.

காய்கறி விற்கிறவர்கள் நாப் (என்ஏபி) என்ற திட்டத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். சாதாரணப் பயிர்க் காப்பீடு கிடைக்காத பயிர்களுக்கான பேரிடர் உதவி இது. கத்தரி, வெண்டை, கீரை என்று போடுகிறீர்கள், உங்கள் பயிர் உள்ளே வருமா என்று பட்டியலோடு போய்க் கேளுங்கள். பயிருக்கு 325 டாலர் கட்டணம், சிசிசி 860 கொடுத்த புதிய விவசாயிக்கு அது தள்ளுபடி. பருவத்துக்கு முன்பே சேர வேண்டும், ஆலங்கட்டி விழுந்தபின் கேட்டால் பயனில்லை.

ஆடு மாடு இருந்தால் தீவன வறட்சி நிவாரணம், எல்எஃப்பி. அமெரிக்க வறட்சி வரைபடம் வியாழக்கிழமைதோறும் வெளியாகும், உங்கள் கவுண்டி கடும் வறட்சி நிறத்துக்கு வந்தால் திட்டம் திறக்க வாய்ப்பு உண்டு. ஆனால் மேய்ச்சல் நிலத்தை ஏக்கர் அறிக்கையில் பதிந்திருக்க வேண்டும். யாரும் கேட்காவிட்டாலும் ஆண்டுதோறும் எஃப்எஸ்ஏவில் இந்த அறிக்கையைக் கொடுங்கள். கோடைப் பயிர்களுக்குப் பெரும்பாலும் ஜூலை 15 கடைசி, புல்லுக்கு வேறு தேதி.

கடன் வேண்டுமானால் எஃப்எஸ்ஏவின் மைக்ரோலோன் 50,000 டாலர் வரை, சிறு பண்ணைக்கு ஏற்ற குறைந்த காகித வேலையோடு. வங்கியில் கடன் கிடைக்காதவர்களுக்கானது. நல்ல சம்பளமும் நல்ல கிரெடிட்டும் இருப்பவருக்கு வங்கிக்குப் போகச் சொல்வார்கள்.

டெக்சஸ் சொத்து வரி

பலருக்கு மானியத்தை விட இதுதான் பெரிய தொகை. சந்தை விலைக்குப் பதிலாக விளைச்சல் மதிப்பில் வரி போடுவதை ஏஜி என்று சுருக்கமாகச் சொல்வார்கள், சட்டப் பெயர் 1-டி-1. கடந்த ஏழு ஆண்டுகளில் குறைந்தது ஐந்து ஆண்டு நிலம் விவசாயத்தில் இருந்திருக்க வேண்டும்.

விற்றவருக்கு ஏஜி இருந்தது, எனக்கும் தொடரும் என்று சும்மா இருந்துவிடாதீர்கள். உரிமையாளர் மாறினால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். படிவம் 50-129, மே 1 க்கு முன் கவுண்டி மதிப்பீட்டு மாவட்டத்தில். தாமதமானாலும் மதிப்பீட்டுப் பட்டியல் இறுதியாகும் வரை 10 சதவீத அபராதத்தோடு ஏற்பார்கள். எத்தனை ஆடு, எத்தனை வைக்கோல் உருளை என்ற அளவுகோல் கவுண்டிக்குக் கவுண்டி மாறும், எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வார இறுதியில் மட்டும் போக முடிந்தவர்களுக்கு இரண்டு வழி நன்றாக இருக்கிறது. 5 முதல் 20 ஏக்கர் வரை தேனீ வளர்ப்பு தகுதி பெறும். ஏற்கெனவே ஏஜியில் உள்ள நிலத்தைக் காட்டுயிர் மேலாண்மைக்கு மாற்றலாம். வாழிடம், மண்ணரிப்புத் தடுப்பு, இரைகொல்லிக் கட்டுப்பாடு, தண்ணீர், தீவனம், புகலிடம், கணக்கெடுப்பு என்ற ஏழில் குறைந்தது மூன்றை ஆண்டுதோறும் செய்ய வேண்டும். டெக்சஸ் பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் துறையின் உயிரியலாளர் இலவசமாகவே ஆலோசனை சொல்வார். என்ஆர்சிஎஸ் எழுதிய வரைவு இங்கேயும் கைகொடுக்கும். நிலத்தின் பயன்பாட்டை மாற்றினால், மாற்றிய பகுதிக்கு முந்தைய மூன்றாண்டு வரி வித்தியாசத்தைக் கட்ட வேண்டிவரும், வீடு கட்டும்போது இதைக் கணக்கில் வையுங்கள்.

பண்ணைக்கான பொருட்கள் வாங்கும்போது விற்பனை வரி விலக்குப் பெற மாநில நிதி அதிகாரியான கம்ப்ட்ரோலரிடம் விவசாயப் பதிவு எண் வாங்கலாம். இது தனி, ஏஜி கிடைத்ததால் தானாக வராது.

"இல்லை" என்று பதில் வந்தால்

வாய்ச்சொல்லாக "உங்களுக்குத் தகுதி இல்லை" என்றால் பணிவாக எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் வரும் மறுப்புக் கடிதத்தில் காரணமும் மேல்முறையீட்டு வழிகளும் இருக்கும். 30 நாள் கெடு. மறுபரிசீலனை, சமரசப் பேச்சு, அதற்கு மேல் யுஎஸ்டிஏவின் தேசிய மேல்முறையீட்டுப் பிரிவு என்று படிகள் உண்டு. ஆனால் தரவரிசையில் பின்தங்கி நிதி எட்டாமல் போவது மறுப்பு அல்ல. அப்போது உங்கள் விண்ணப்பத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளி வைக்கச் சொல்லுங்கள், எந்த வேலையைச் சேர்த்தால் மதிப்பெண் கூடும் என்று திட்ட வரைவு எழுதியவரிடமே கேளுங்கள். ஓடை ஓரத்தில் மாட்டை விலக்கும் வேலியோடு புல் விதைப்பையும் சேர்த்தால் வரிசையில் மேலே போக வாய்ப்பு உண்டு. அந்தத் திருத்தத்தை அடுத்த சுற்றின் தேதிக்கு முன் கொடுத்துவிடுங்கள், அதுவரை கம்பம் எதுவும் நடாதீர்கள்.